வளாகத்தில் ஒருவருக்குத் தொற்று: தொடர்பில் இருந்தவர்கள் கேட்கும் கேள்விகள்

பல்கலைக்கழக வளாகத்தில் ஒருவருக்குத் தொற்றுநோய் உறுதியானால், மருத்துவ மையம் வாய் திறப்பதற்கு முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் மூன்று விதமான கதை ஓடத் தொடங்கிவிடும். மாணவர்கள், விடுதிக் காப்பாளர்கள், ஆசிரியர்கள், வீட்டிலிருந்து பதறிப்போய் போன் செய்யும் பெற்றோர் ஆகியோர் அப்போது கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. இது பொதுவான விளக்கம்தான். உங்கள் மருத்துவரோ சுகாதாரத் துறையோ வேறு மாதிரிச் சொன்னால் அவர்கள் சொல்வதையே கேளுங்கள். நோயாளியையும் இடத்தையும் நேரில் பார்த்தவர்கள் அவர்கள்.

தொடர்பில் இருந்தவர்களைத் தேடுவது என்கிறார்களே, உண்மையில் என்ன செய்கிறார்கள்?

நோய் உறுதியானவரிடம் ஒருவர் உட்கார்ந்து பேசுவார், அல்லது போனில் பேசுவார். எந்த நாளில் இருந்து உடம்பு சரியில்லை, அதற்கு முன்னால் எங்கே இருந்தீர்கள், யாரோடு இருந்தீர்கள், எவ்வளவு நேரம் என்று கேட்பார். அதில் இருந்து ஒரு பட்டியல் வரும். பட்டியலில் இருப்பவர்களை ஒவ்வொருவராக அழைத்து, என்ன கவனிக்க வேண்டும், மருந்தோ தடுப்பூசியோ தேவையா, எத்தனை நாள் ஒதுங்கி இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். அப்புறம் அந்த நாட்கள் முடியும்வரை அவ்வப்போது விசாரிப்பார்கள். அவ்வளவுதான்.

பார்க்கச் சாதாரண வேலை. ஆனால் பெரியம்மையை உலகத்தை விட்டே விரட்டியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நோயாளியைக் கண்டுபிடி, அவரைச் சுற்றி இருந்தவர்களுக்குத் தடுப்பூசி போடு என்பதுதான் அன்றைய உத்தி. இயற்கையாகப் பரவிய கடைசிப் பெரியம்மை 1977-இல் சோமாலியாவில் கண்டறியப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு அது தலைகாட்டிய இடம் ஒரு பல்கலைக்கழகம். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், பெரியம்மை ஆய்வகத்துக்கு மேல் தளத்தில் வேலை பார்த்த புகைப்படக் கலைஞர் ஒருவருக்கு நோய் வந்தது. அவர் இறந்துபோனார். அவரோடு தொடர்பில் இருந்த நூற்றுக்கணக்கானோரைத் தேடிப் பிடித்துக் கண்காணித்தார்கள். அவருடைய தாயாருக்கு மட்டும் நோய் வந்தது, அவர் பிழைத்துக்கொண்டார். வேறு யாருக்கும் பரவவில்லை.

எல்லா நோய்க்கும் இப்படித் தேடுவார்களா?

இல்லை. சளி, வழக்கமான ஃப்ளூ போன்றவற்றுக்குத் தேடுவதில்லை. ஃப்ளூ தொற்றிய சுமார் இரண்டு நாளில் அறிகுறி காட்டிவிடும். நீங்கள் முதல் பட்டியலை எழுதி முடிப்பதற்குள் அதிலிருப்பவர்கள் அடுத்தவர்களுக்குக் கொடுத்திருப்பார்கள். தட்டம்மை, காசநோய், மெனிங்கோகாக்கஸ் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சல், கக்குவான் இருமல், பொன்னுக்கு வீங்கி போன்றவற்றுக்குத் தேடுவது பயன் தரும். நோய் மெதுவாக வெளிப்படும், அல்லது தடுக்க மருந்தோ ஊசியோ இருக்கும், அல்லது ஓர் ஆளுக்கு வந்தாலே ஆபத்து பெரிது.

டெங்குவுக்கு உங்கள் அறைத்தோழரைத் தனிமைப்படுத்துவதில் பொருளே இல்லை. அது கொசு வழியாகப் பரவுவது. அங்கே தேட வேண்டியது தேங்கிய தண்ணீரை. மஞ்சள் காமாலையில் ஏ வகை, டைஃபாய்டு, சாப்பாட்டால் வந்த வாந்திபேதி இவற்றில் "யாரோடு இருந்தீர்கள்" என்பதோடு "எங்கே சாப்பிட்டீர்கள், எந்தத் தண்ணீர் குடித்தீர்கள்" என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

நெருங்கிய தொடர்பு என்றால் யார்? 15 நிமிடம், 6 அடி தானே?

அந்தக் கணக்கு கோவிட் காலத்தில் எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது. 24 மணி நேரத்தில் மொத்தமாக 15 நிமிடம், சுமார் 6 அடிக்குள் இருந்தவர் என்பது பல நாடுகளில் அப்போது வைத்திருந்த வரையறை. அதைத் தூக்கிக்கொண்டு எல்லா நோய்க்கும் போனால் தப்பாகப் போகும்.

தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். அது காற்றில் மிதந்து பரவுவது. நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் கிருமி இருக்கலாம். அதனால் காலை வகுப்பில் நோயாளி இருந்தார், அவர் போன பிறகு அதே அறையில் அடுத்த வகுப்புக்கு நீங்கள் நுழைந்தீர்கள் என்றாலும் நீங்கள் தொடர்பில் இருந்தவர்தான். அவர் முகத்தைக்கூட நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நோயெதிர்ப்பு இல்லாதவர்கள் அவரருகே இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும்.

மெனிங்கோகாக்கஸ் இதற்கு நேரெதிர். எச்சில், மூக்கு தொண்டைச் சுரப்பு வழியாக, நெருங்கிப் பழகுகிறவர்களுக்குத்தான் அது போகும். அறைத்தோழர், காதலர், ஒரே வீட்டில் இருப்பவர், ஒரே பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தவர் போன்றோர்தான் பட்டியலில் வருவார்கள். ஒரே வகுப்பில் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தவர் பொதுவாக வரமாட்டார்.

காசநோய்க்கு மணிக்கணக்கு போதாமல் நாட்கணக்கு, வாரக்கணக்கு பார்ப்பார்கள். ஜன்னல் திறக்காத அறையில் திரும்பத் திரும்ப ஒரே காற்றைச் சுவாசித்தவர்கள்தான் முக்கியம். கை குலுக்கினால் வராது, அவர் தட்டில் சாப்பிட்டாலும் வராது. நோரோவைரஸ் வாந்திபேதிக்கோ கழிவறையைப் பகிர்ந்துகொண்டவர்கள், வாந்தியைத் துடைத்தவர் எல்லாம் கணக்கில் வருவார்கள்.

ஆகவே "நான் நெருங்கிய தொடர்பா?" என்று கேட்பதற்கு முன், "என்ன நோய்?" என்று கேளுங்கள்.

14 நிமிடம்தான் இருந்தேன். தப்பித்தேனா?

15-ஆவது நிமிடத்தில் கிருமி கிளம்பி வருவதில்லை. யாரை முதலில் கூப்பிடுவது என்று முடிவு செய்ய ஊழியர்களுக்கு ஏதாவது ஒரு கோடு வேண்டியிருந்தது, அதற்குப் போட்ட கோடு அது. மூடிய அறையில் பாட்டுப் பயிற்சி பத்து நிமிடம் என்பது, திறந்த மைதானத்தில் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்ததைவிட மோசமாக இருக்கலாம்.

என் அறைத்தோழிதான் தொடர்பில் இருந்தவள். எனக்கும் ஏதாவது உண்டா?

பெரும்பாலும் இல்லை. அவருக்கு அறிகுறி வந்தாலோ பரிசோதனையில் உறுதியானாலோ அன்றைக்கு நீங்கள் பட்டியலில் வருவீர்கள். அதுவரை வழக்கம்போல இருக்கலாம்.

எத்தனை நாள் பின்னால் போய்க் கணக்குப் பார்ப்பார்கள்?

அறிகுறி தெரிவதற்கு முன்பே பரப்பும் நோய்கள் பல. தட்டம்மை நோயாளி உடம்பில் தடிப்பு வருவதற்கு 4 நாள் முன்பிருந்தே பரப்புவார், தடிப்பு வந்து 4 நாள் வரை பரப்புவார். பொன்னுக்கு வீங்கியில் கன்னம் வீங்குவதற்கு 2 நாள் முன்பிருந்து, வீங்கி 5 நாள் வரை. சின்னம்மையில் கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்து, எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை. கோவிட்டில் அறிகுறிக்கு 2 நாள் முன்பிருந்து. மெனிங்கோகாக்கஸில் நோய் தொடங்குவதற்கு முந்தைய 7 நாளில் நெருங்கி இருந்தவர்களைக் கேட்பார்கள். காசநோய்க்கு மாதக்கணக்கில் பின்னால் போக வேண்டியிருக்கும். பழைய அறைத்தோழர்கள்கூடப் பட்டியலில் வருவது அதனால்தான்.

எனக்கு அழைப்பு வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

நான்கு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: என்ன நோய், நான் கடைசியாகத் தொடர்பில் இருந்த தேதி எது, எனக்கு மருந்தோ ஊசியோ தேவையா, தேவை என்றால் எதற்குள். வகுப்புக்குப் போகலாமா என்பது அதற்கடுத்த கேள்விதான். ஆனால் பலரும் அதை முதலில் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுகிறார்கள்.

"எதற்குள்" என்பதுதான் உயிரான கேள்வி. தட்டம்மைக்கு நோயெதிர்ப்பு இல்லாதவர், தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் எம்எம்ஆர் தடுப்பூசி (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது) போட்டுக்கொண்டால் நோய் வராமலே போகலாம், வந்தாலும் லேசாக வரலாம். ஊசி போட முடியாதவர்களுக்கு 6 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின், அதாவது பிறர் ரத்தத்தில் இருந்து எடுத்த நோய் எதிர்ப்புப் பொருள், கொடுக்கலாம். மெனிங்கோகாக்கஸ் என்றால் தடுப்பு ஆன்டிபயாட்டிக்கை நோயாளியைக் கண்டறிந்த 24 மணி நேரத்துக்குள் கொடுக்கவே பார்ப்பார்கள். இரண்டு வாரம் தாண்டினால் அதனால் பெரிய பயன் இல்லை. சின்னம்மைக்குத் தடுப்பூசி 3 நாளுக்குள், மிஞ்சிப்போனால் 5 நாளுக்குள். மஞ்சள் காமாலை ஏ வகைக்கு 2 வாரம் வரை அவகாசம் உண்டு.

இந்தக் கெடு எதுவும் நீங்கள் போனை எடுத்த நிமிடத்தில் தொடங்குவதில்லை, பெரும்பாலும் தொடர்பு ஏற்பட்டபோதே தொடங்கிவிட்டது. நோயாளிக்கு நோய் என்று தெரியவே இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். தெரியாத எண் என்று அழைப்பைத் தவிர்த்துக்கொண்டே இருந்தால், மிச்சம் இருப்பதும் போய்விடும்.

நான் சின்ன வயதில் எல்லா ஊசியும் போட்டாயிற்று. ஆனால் சான்று இல்லை.

இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2019 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் தட்டம்மைத் தொடர்பால் நூற்றுக்கணக்கான மாணவர்களையும் ஊழியர்களையும் ஒதுங்கி இருக்கச் சொன்னார்கள். அவர்களில் பலருக்கு நோயெதிர்ப்பு இல்லாமல் இல்லை, அதைக் காட்டக் காகிதம்தான் கையில் இல்லை. சான்று காட்டியவர்கள், ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இருப்பது தெரிந்தவர்கள் வெளியே வந்தார்கள்.

நோயெதிர்ப்பைக் காட்ட முடியாவிட்டால் தட்டம்மைக்கு 21 நாள் வரை ஒதுங்க வேண்டி வரலாம். ஒரு செமஸ்டரில் 21 நாள் என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். இன்றைக்கே வீட்டில் அந்தப் பழைய தடுப்பூசி அட்டையைத் தேடி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கவே இல்லையா? எம்எம்ஆர் மறுபடி போட்டுக்கொள்வதால் பொதுவாகத் தீங்கு இல்லை. ஆனால் கர்ப்பிணிகளும் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஐசொலேஷன், குவாரண்டைன் இரண்டும் ஒன்றுதானே?

நோய் உறுதியானவர் ஒதுங்கி இருப்பது ஐசொலேஷன். நன்றாக இருக்கிறார், ஆனால் தொற்றியிருக்கலாம் என்பவர் ஒதுங்கி இருப்பது குவாரண்டைன். இரண்டு கூட்டத்தையும் ஒரே தளத்தில் போட்டுப் பூட்டுவது நிர்வாகங்கள் செய்யும் மிக மோசமான காரியம். தொற்றாதவருக்கும் தொற்றிவிடும்.

பரிசோதனையில் நெகட்டிவ் வந்துவிட்டது. அப்புறமும் ஏன் வெளியே விட மாட்டேன் என்கிறார்கள்?

தொற்றிய மறுநாளே பரிசோதனையில் தெரியாது. கிருமி உடம்புக்குள் பெருகி அறிகுறி காட்டும்வரை உள்ள நாட்களை நோய் அரும்பும் காலம் என்பார்கள். தட்டம்மைக்குப் பெரும்பாலும் 10 முதல் 14 நாள், நீண்டால் 21 நாள். பொன்னுக்கு வீங்கிக்கு 12 முதல் 25 நாள். நோரோவைரஸுக்கு 12 முதல் 48 மணி நேரம். 2020-இல் கோவிட்டுக்கு 14 நாள் என்று வைத்ததும் இந்தக் கணக்கில்தான். பிறகு நோயும் மாறியது, தடுப்பூசியும் வந்தது, விதிகளும் தளர்ந்தன. 2020-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு இன்றைக்கு வாதாடாதீர்கள்.

காசநோய்க்கு இது இன்னும் நீளம். தொடர்பு தெரிந்ததும் ஒரு பரிசோதனை, கடைசித் தொடர்பில் இருந்து 8 முதல் 10 வாரம் கழித்து இன்னொன்று. முதலாவது நெகட்டிவ் என்று இரண்டாவதற்குப் போகாமல் விடுகிறவர்கள்தான் மருத்துவ மையத்துக்குப் பெரிய தலைவலி. நல்ல விஷயம், இந்த இடைவெளியில் அறிகுறி இல்லாதவர் ஒதுங்கி இருக்க வேண்டியதில்லை.

அறையில் நாங்கள் மூன்று பேர். இதில் எப்படித் தனிமை?

நியாயமான கேள்வி. முதல் பதில், நிர்வாகம் வேறு அறை தர வேண்டும். தொற்று வருவதற்கு முன்பே சில அறைகளைக் காலியாக ஒதுக்கி வைக்காத விடுதி, தொற்று வந்த பிறகு என்ன சுற்றறிக்கை விட்டாலும் பயன் குறைவு. 2020 ஆகஸ்டில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகம், விடுதிகளில் கொத்துக் கொத்தாகக் கோவிட் கிளம்பியதால், வகுப்பு தொடங்கி ஒரே வாரத்தில் இளநிலை வகுப்புகளை இணையத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. நெருக்கமான விடுதி எவ்வளவு வேகமாகப் பற்றிக்கொள்ளும் என்பதற்கு அது உதாரணம்.

வேறு அறை கிடைக்கும்வரை செய்யக்கூடியவை சில உண்டு. ஜன்னலைத் திறந்து வையுங்கள். காற்று வழியாகப் பரவும் நோய்க்கு எல்லாவற்றையும்விட இது உதவும். உடம்பு சரியில்லாதவர் ஜன்னல் பக்கம் படுக்கட்டும், மற்றவர்கள் தலைமாட்டைத் திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கம் படுங்கள். அறைக்குள் இருக்கும்போது நோயாளி முகக்கவசம் போட வேண்டும். மற்றவர்கள் என்95 வகை போட்டால் நல்லது. கட்டிக்கொள்ளும் துணி அவ்வளவாக உதவாது. குளியலறைக்கு நோயாளி கடைசியாகப் போகட்டும். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வாருங்கள்.

வாந்திபேதி என்றால் கதை வேறு. நோரோவைரஸுக்குச் சானிடைசர் சரிப்படாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கை கழுவத்தான் வேண்டும். வாந்தி பட்ட இடத்தை ப்ளீச் கரைசலால் துடையுங்கள், கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு. வாந்தியும் பேதியும் நின்ற பிறகும் 48 மணி நேரம் அவர் பொதுச் சமையலறைப் பக்கம் வரக் கூடாது. நின்றதுமே நன்றாகிவிட்டது என்று கரண்டியைப் பிடிப்பவரால்தான் விடுதி முழுக்கப் பரவுகிறது.

பேசாமல் வீட்டுக்குக் கிளம்பிவிடலாமா?

கேட்காமல் கிளம்பாதீர்கள். பேருந்திலோ ரயிலிலோ பல மணி நேரம் உட்கார்ந்து போய், வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இறங்குவீர்கள். பட்டியலும் இரண்டு ஊருக்கு நீண்டுவிடும். மருத்துவ மையம் சரி என்று சொன்னால், முடிந்தவரை சொந்த வண்டியில் போங்கள்.

பரீட்சை இருக்கிறது. அறிகுறியை மறைத்து எழுதிவிட்டு வந்தால் என்ன?

மறைக்க வைப்பது பெரும்பாலும் விதிதான். வருகைப்பதிவு குறைந்தால் பரீட்சை எழுத முடியாது, மறுதேர்வு கிடையாது என்று வைத்துவிட்டு, காய்ச்சல் இருப்பவர் தானாக வந்து சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். மாணவருக்கு நான் சொல்வது: இருமிக்கொண்டே தேர்வறையில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டாம். முன்கூட்டியே மருத்துவ மையத்தில் எழுத்தில் கடிதம் வாங்கித் துறைக்கு அனுப்புங்கள். நிர்வாகத்துக்கு: தொற்றுக்கான விடுப்பை வருகைப்பதிவில் கழிக்காதீர்கள், மறுதேர்வுத் தேதியை முதலிலேயே அறிவித்துவிடுங்கள்.

நான் யாரோடு இருந்தேன், எங்கே போனேன் என்று சொன்னால் நடவடிக்கை எடுப்பார்களா?

விருந்துக்குப் போயிருக்கலாம், அனுமதி இல்லாமல் வேறு விடுதியில் தங்கியிருக்கலாம், வீட்டுக்குத் தெரியாத காதல் இருக்கலாம். கேட்பவருக்கு அதில் எதுவும் வேண்டாம். அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்பது மட்டும் வேண்டும்.

ஆனால் அந்தத் தகவல் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகாது என்று நிர்வாகம் எழுத்தில் உறுதி தர வேண்டும். வாய்மொழி போதாது. சிங்கப்பூர் அனுபவம் இதற்குப் பாடம். 2020 மார்ச்சில் அங்கே ட்ரேஸ்டுகெதர் என்ற செயலி வந்தபோது, தொடர்பில் இருந்தவர்களைக் கண்டுபிடிக்க மட்டுமே தரவு பயன்படும் என்றார்கள். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்குக் காவல்துறையும் அதை எடுக்கலாம் என்று அரசே சொன்னது. மக்கள் கொதித்துப் போனார்கள். கடைசியில் கொடிய குற்றங்களுக்கு மட்டும் என்று அடுத்த மாதமே சட்டம் போட வேண்டியதாயிற்று. வளாகத்தில் இது ஒரே ஒரு தடவை நடந்தால் போதும். ஒரு மாணவர் உண்மையைச் சொல்லித் தண்டனை வாங்கினார் என்று தெரிந்தால், அதற்குப் பிறகு வரும் எல்லாப் பட்டியலிலும் ஆட்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

உங்கள் வளாகத்தில் அப்படி உறுதி எதுவும் இல்லையா? அழைத்தவரிடமே நேராகக் கேளுங்கள்: "இது யாரிடம் போகும்?" அவரால் பதில் சொல்ல முடியாவிட்டால், பதில் வாங்கிக்கொண்டு திரும்ப அழைக்கச் சொல்லுங்கள். அதற்குள் உங்களோடு இருந்தவர்களுக்கு நீங்களே தகவல் சொல்லிவிடுங்கள். அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

என் பெயரை வெளியே சொல்வார்களா?

சொல்லக் கூடாது. "இன்ன தேதியில் தொற்று உள்ள ஒருவரின் அருகில் இருந்தீர்கள்" என்றுதான் சொல்வார்கள். யார் என்று தோண்டினாலும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் நான்கு பேர் வேலை செய்யும் ஆய்வகத்தில் ஒருவர் வராவிட்டால் மற்ற மூவரும் ஊகித்துவிடுவார்கள். அதை யாராலும் தடுக்க முடியாது.

என் வகுப்பு மாணவர் ஒருவர் தனக்குத் தொற்று என்று என்னிடம் சொன்னார். நான் ஆசிரியர். வகுப்பில் அறிவிக்கலாமா?

வேண்டாம். மருத்துவ மையத்துக்குச் சொல்லுங்கள், அன்றைய வருகைப்பதிவையும் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதையும் கொடுங்கள். நீங்களாக அறிவித்தால், பயப்பட வேண்டாதவர் பயப்படுவார், மருந்து வேண்டியவர் "எனக்கு இல்லை" என்று இருந்துவிடுவார்.

போனில் செயலி இருந்தால் இந்த விசாரிப்பெல்லாம் எதற்கு?

ப்ளூடூத் சிக்னல் சுவரைத் தாண்டும். பக்கத்து அறைக்காரரும் உங்கள் அருகில் இருந்தவராகத் தெரியலாம். ஜன்னல் திறந்திருந்ததா, முகக்கவசம் இருந்ததா என்பது அதற்குத் தெரியாது. குளிக்கப் போகும்போதும் விளையாடும்போதும் போன் கையில் இருக்காது. நினைவுக்கு உதவியாகப் போனைப் பயன்படுத்துங்கள்: நாட்காட்டி, எடுத்த படங்கள், பணம் செலுத்திய செய்திகள். நான்கு நாளுக்கு முன் எங்கே இருந்தேன் என்பதை இவை சட்டென்று கொண்டுவந்துவிடும்.

எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று ஏன் துருவுகிறார்கள்? பழி போடவா?

இல்லை. கோவிட்டில் பெரும்பாலான நோயாளிகள் ஒருவருக்கும் பரப்பவில்லை அல்லது ஓரிருவருக்குப் பரப்பினார்கள். சிலரிடமிருந்து ஒரே இடத்தில் பலருக்குப் போனது. அதனால் உங்களிடமிருந்து யாருக்குப் போகும் என்று தேடுவதைவிட, உங்களுக்கு வந்த இடத்தைக் கண்டுபிடித்தால் அங்கே தொற்றிய மற்றவர்களும் அகப்படுவார்கள். ஜப்பான் 2020-இல் இந்தப் பின்னோக்கிய தேடலுக்கு முக்கியத்துவம் கொடுத்தது. மூடிய இடம், கூட்டம், நெருக்கமான பேச்சு இந்த மூன்றையும் தவிருங்கள் என்ற அறிவுரையும் அங்கிருந்து வந்ததுதான்.

மூளைக்காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் விடுதி முழுக்க மாத்திரை கேட்கிறார்கள். கொடுக்கலாமே?

முதலில் எந்தக் கிருமி என்று தெரிய வேண்டும். வைரஸால் வரும் மூளைக்காய்ச்சலே அதிகம், அதற்கு இந்த மாத்திரை உதவாது. மெனிங்கோகாக்கஸ் என்று உறுதியானால், அல்லது பலமான சந்தேகம் இருந்தால், நெருங்கிப் பழகியவர்களுக்கு மட்டும் ரிஃபாம்பிசின், சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது செஃப்ட்ரையாக்சோன் ஊசி கொடுப்பார்கள். எல்லாருக்கும் வாரி இறைத்தால் பக்கவிளைவும், மருந்துக்கு அசையாத கிருமியும்தான் மிஞ்சும்.

ஒன்றுக்கு மேற்பட்டோருக்கு வந்தால் தடுப்பூசி முகாம் போடுவார்கள். 2013-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பி வகை மெனிங்கோகாக்கஸ் பரவியபோது, அந்த வகைக்கான ஊசிக்கு அமெரிக்காவில் அப்போது உரிமமே இல்லை. சிறப்பு அனுமதி வாங்கி வரவழைத்து டிசம்பரில் மாணவர்களுக்குப் போட்டார்கள். அதனால் "நான் மெனிங்கோகாக்கஸ் ஊசி போட்டிருக்கிறேன்" என்றால் எந்த வகைக்கு என்றும் பாருங்கள். ஏ, சி, டபிள்யூ, ஒய் வகைகளுக்கான ஊசி பி வகையைத் தடுக்காது.

திடீர்க் காய்ச்சல், கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்த்தால் கண் கூசுவது, குழப்பமான பேச்சு, கண்ணாடித் தம்ளரால் அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள்: இவற்றில் எது தெரிந்தாலும் காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். கருத்த தோலில் புள்ளிகள் எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம் பாருங்கள். புள்ளி வராமலும் இந்த நோய் இருக்கும். மாத்திரை சாப்பிட்டவரும் கவனமாக இருக்க வேண்டும்.

காசநோய் வந்த அறைத்தோழர் திரும்பி வருகிறார். பயமாக இருக்கிறது.

சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுபவர் பரப்பும் தன்மை வேகமாகக் குறைந்துவிடும். மருத்துவர் போகலாம் என்று சொன்ன பிறகுதான் அவர் வருகிறார். நோய் கண்டுபிடிப்பதற்கு முன் அவரோடு இருந்த நாட்கள்தான் ஆபத்தானவை, அவை முடிந்துவிட்டன. உங்கள் பரிசோதனையில் கிருமி இருப்பது தெரிந்து, எக்ஸ்ரேயும் சளியும் சரியாக இருந்தால், அது உறங்கும் தொற்று. அதை நீங்கள் யாருக்கும் பரப்ப முடியாது. ஆனால் அப்படிப்பட்டவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குப் பின்னாளில் நோயாக மாறும் என்பதால் தடுப்பு மருந்து தருவார்கள். அதை முழுக்கச் சாப்பிடுங்கள்.

நான் கர்ப்பமாக இருக்கிறேன். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

அழைத்தவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், உறுப்பு மாற்று செய்தவர், ஸ்டீராய்டு எடுப்பவரும் அப்படியே. தட்டம்மை, சின்னம்மை ஊசிகள் உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்தவை, உங்களுக்குப் போட மாட்டார்கள். பதிலுக்கு இம்யூனோகுளோபுலின் உண்டு. சின்னம்மைக்கு அதை 10 நாள் வரை கொடுக்கலாம், சீக்கிரம் கொடுப்பது நல்லது.

ஒதுங்கி இருக்கும்போது எனக்கே அறிகுறி வந்தால்?

நேராகக் கிளம்பி மருத்துவ மையத்தின் காத்திருப்பு அறையில் போய் உட்காராதீர்கள். முதலில் போன் செய்யுங்கள். தட்டம்மை, சின்னம்மை சந்தேகம் என்றால் வேறு வாசல் வழியாக வரச் சொல்வார்கள். மூச்சுத் திணறல், மயக்கம், குழப்பம் இருந்தால் மட்டும் இதையெல்லாம் பார்க்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், கூப்பிடும்போதே என்ன நோயின் தொடர்பு என்று சொல்லிவிடுங்கள்.

பரவல் முடிந்துவிட்டது என்று எப்போது சொல்வார்கள்?

கடைசி நோயாளிக்குப் பிறகு, நோய் அரும்பும் காலத்தின் அதிகபட்ச அளவைப் போல இரண்டு மடங்கு நாட்கள் புதிதாக யாருக்கும் வராமல் இருக்க வேண்டும். தட்டம்மைக்கு 42 நாள், பொன்னுக்கு வீங்கிக்கு 50 நாள். நடுவில் ஒருவருக்கு வந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றில் இருந்து தொடங்கும். அதனால்தான் வளாகங்களில் பொன்னுக்கு வீங்கி ஒரு செமஸ்டரைத் தாண்டியும் இழுக்கிறது. இரண்டு டோஸ் போட்டவர்களுக்கும் காலப்போக்கில் பாதுகாப்புக் குறைகிறது என்று தெரிந்த பிறகு, பரவல் நடக்கும் இடங்களில் ஆபத்தில் உள்ளவர்களுக்கு மூன்றாவது டோஸ் எம்எம்ஆர் போடலாம் என்று 2017-இல் அமெரிக்காவின் தடுப்பூசி ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது. உங்கள் வளாகத்தில் மூன்றாவது டோஸுக்கு அழைத்தால், அதன் பொருள் முதல் இரண்டும் வீண் என்பதல்ல. ஏற்கெனவே தொற்றியிருந்தால் அந்த ஊசி அதை நிறுத்தாது, அடுத்து வரும் தொடர்புகளுக்குத்தான் அது.